1961–69 லிங்கன் கான்டினென்டல் செடான்: வாங்க நினைப்பவர்களும் ரசிப்பவர்களும் கேட்கும் கேள்விகள்

டெட்ராய்ட் பக்கம் குடியிருக்கிறேன். என்னிடம் 1964-ஆம் வருட லிங்கன் கான்டினென்டல் செடான் (நிலையான கூரையும் நான்கு கதவும் உள்ள கார்) ஒன்று இருக்கிறது. பெட்ரோல் போட நிறுத்தினாலே யாராவது வந்து பேச்சுக் கொடுப்பார்கள். ஊரிலிருந்து வரும் உறவினர்களும், இங்கே பழைய கார் வாங்கும் ஆசையில் இருக்கும் தமிழ் நண்பர்களும் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பழைய அமெரிக்கக் கார்கள் எத்தனையோ இருக்க, இதில் அப்படி என்ன விசேஷம்?

1950களின் கடைசி வருடங்களில் அமெரிக்கச் சொகுசுக் கார் என்றாலே பெரியது, பளபளப்பது, இறக்கை முளைத்தது என்று அர்த்தம். 1959 காடிலாக்கின் பின்பக்க இறக்கைகளைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். ஃபோர்டு நிறுவனத்தின் சொகுசுப் பிராண்டான லிங்கனும் அதே போட்டியில் இறங்கி, 1958 முதல் 1960 வரை கிட்டத்தட்ட 577 செ.மீ. நீளமுள்ள கார்களை விற்றது. அவை சரியாகப் போகவில்லை. கோடிக்கணக்கான டாலர் நஷ்டம். லிங்கனை இழுத்து மூடிவிடலாமா என்று ஃபோர்டு நிர்வாகம் யோசிக்கும் நிலை வந்தது.

அந்த நெருக்கடியில் பிறந்த கார்தான் 1961 கான்டினென்டல். நீளம் ஒரே வருடத்தில் 38 செ.மீ. குறைந்து சுமார் 540 செ.மீ. ஆனது. இறக்கை போயிற்று. பக்கவாட்டில் ஒட்டியிருந்த அலங்காரப் பட்டைகள் போயின. மிஞ்சியது தட்டையான, சுத்தமான ஓர் உடல். முன்விளக்கின் மேலிருந்து பின்விளக்கு வரை மேல் விளிம்பில் ஒரே கோடாக ஓடும் பளபளப்பான பட்டை. அவ்வளவுதான். இருந்ததையெல்லாம் எடுத்துவிட்ட பிறகும் ஒரு கார் இத்தனை கம்பீரமாக நிற்க முடியும் என்பதை அமெரிக்காவுக்குக் காட்டியது இந்தக் கார். எனக்கு இதன் மேல் உள்ள பற்றுக்கு முழுக் காரணம் அதுதான்.

யார் வடிவமைத்தது?

எல்வுட் ஏங்கலின் பெயரைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆனால் அவர் வரைந்தது லிங்கனுக்காக அல்ல. 1961 ஃபோர்டு தண்டர்பேர்டுக்கு ஒரு யோசனையாக, இரண்டு கதவு காராகத்தான் களிமண் மாதிரியைச் செய்தார்கள். தண்டர்பேர்டுக்கு வேறு வடிவம் தேர்வாகிவிட்டது. அப்போது ஃபோர்டில் கார் பிரிவுகளைக் கவனித்துக்கொண்டிருந்த ராபர்ட் மெக்நமாரா இந்த மாதிரியைப் பார்த்தார். இதையே நான்கு கதவு லிங்கனாக மாற்ற முடியுமா என்று கேட்டார். முடிந்தது. செலவைக் குறைக்க, முன்கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் உடல் அமைப்பைத் தண்டர்பேர்டோடு பகிர்ந்துகொண்டார்கள். இரண்டு கார்களும் மிச்சிகனின் விக்ஸம் தொழிற்சாலையில்தான் தயாராயின.

அமெரிக்கத் தொழில்துறை வடிவமைப்பாளர் கழகம் 1961-இல் இந்தக் காருக்கு வெண்கலப் பதக்கம் கொடுத்தது. ஏங்கல், ஜான் நஜ்ஜார், யூஜின் போர்டினட், ஜார்ஜ் வாக்கர் உள்ளிட்ட ஏழு பேருக்கு அந்தப் பெருமை. கார்களுக்கு அந்தக் கழகம் சுலபமாகப் பரிசு கொடுக்காது.

மெக்நமாரா 1960 நவம்பரில் ஃபோர்டு நிறுவனத்தின் தலைவரானார். சில வாரங்களிலேயே கென்னடியின் பாதுகாப்பு அமைச்சராக வாஷிங்டன் போய்விட்டார். வியட்நாம் போரோடு அவர் பெயர் எப்படிச் சேர்ந்துவிட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். லிங்கனைக் காப்பாற்றியதும் அதே மனிதர்தான்.

பின்கதவு ஏன் எதிர்ப்பக்கமாகத் திறக்கிறது?

அழகுக்காக என்று நினைக்கிறார்கள். உண்மையில் இடப் பற்றாக்குறைதான் காரணம். காரை இவ்வளவு குறுக்கியதால் முன், பின் சக்கரங்களுக்கு இடையில் 123 அங்குலம்தான் கிடைத்தது. மாதிரி காரின் பின்சீட்டிலிருந்து இறங்கிப் பார்த்த பொறியாளர்களின் கால் கதவில் இடித்துக்கொண்டே இருந்தது. கீலைக் கதவின் பின்விளிம்புக்கு மாற்றினார்கள், பிரச்சினை தீர்ந்தது.

புடவை கட்டிய பெரியவர்களை ஏற்றி இறக்கும்போது இதன் அருமை தெரியும். கதவு பின்னால் ஒதுங்கி நிற்கும். சீட்டில் உட்கார்ந்து இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுத்துவைத்தால் போதும். குனிந்து, வளைந்து, தலையை இடித்துக்கொள்ளும் வேலையே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் முன்கதவின் கைப்பிடியும் பின்கதவின் கைப்பிடியும் காரின் நடுவில் அடுத்தடுத்து இருக்கும். அந்த ஒரு இடத்தைப் பார்த்தாலே இது எந்தக் கார் என்று சொல்லிவிடலாம்.

கதவு சரியாக மூடாமல் ஓடினால் காற்று அதைப் பிய்த்துத் திறந்துவிடும் என்ற பயம் அந்தக் காலத்திலேயே இருந்தது. அதனால் கதவு சாத்தவில்லை என்று எச்சரிக்கும் விளக்கை டாஷ்போர்டில் வைத்தார்கள். பழைய கார் வாங்கினால் அந்த விளக்கு எரிகிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

தரம் அப்படி, இப்படி என்கிறார்களே, நிஜமா?

நிஜம். தயாரான ஒவ்வொரு எஞ்சினையும் ஒரு மேடையில் பூட்டி, மணிக்கு 98 மைல் வேகத்துக்கு இணையான சுழற்சியில் 3 மணி நேரம் ஓட விட்டார்கள். பிறகு பிரித்து, ஆராய்ந்து, மறுபடி பூட்டினார்கள். கார் முழுதாகத் தயாரானதும் ஒருவர் அதை 12 மைல், அதாவது 19 கி.மீ., சாலையில் ஓட்டிப் பார்ப்பார். ஏறக்குறைய 200 விஷயங்களைச் சரிபார்த்த பிறகுதான் அது தொழிற்சாலையை விட்டு வெளியேறும்.

இந்தத் தைரியத்தில்தான் 24 மாதம் அல்லது 24,000 மைல் வாரண்டி கொடுத்தார்கள். அதுவரை எந்த அமெரிக்க நிறுவனமும் அவ்வளவு நீண்ட வாரண்டி கொடுத்ததில்லை. 1961-இல் செடானின் விலை 6,000 டாலருக்குச் சற்று மேல். ஆட்டோமேட்டிக் கியர், பவர் ஸ்டீயரிங், பவர் பிரேக், பவர் விண்டோ, ரேடியோ எல்லாம் அந்த விலைக்குள்ளேயே அடக்கம். ஏசிக்கு மட்டும் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

எந்த வருடத்துக் காரை வாங்கலாம்?

இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. வருடவாரியாக என்ன மாறியது என்று சொல்கிறேன். பிறகு என் கருத்தையும் சொல்கிறேன்.

1961 முதல் 1963 வரை உள்ளவைதான் வடிவத்தில் மிகச் சுத்தமானவை. பக்கக் கண்ணாடிகள் வளைந்திருக்கும்; கார் கச்சிதமாக இருக்கும். பின்சீட்டில் காலுக்கு இடம் மட்டும் குறைவு. உயரமானவர் முன்னால் உட்கார்ந்தால் பின்னால் இருப்பவர் முழங்காலை ஒடுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

1964-இல் சக்கர இடைவெளியை 126 அங்குலமாக்கினார்கள். கூடிய அந்த 3 அங்குலமும் பின்சீட்டுக்காரர்களுக்கு. டாஷ்போர்டும் மாறியது. பக்கக் கண்ணாடி தட்டையானது. கண்ணாடி வளைவு போனதை மன்னிக்க முடியாது என்பவர்கள் உண்டு. எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை.

1965-இல் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. 2,200 கிலோவுக்கும் மேல் கனமுள்ள காருக்கு இது மிகப் பெரிய விஷயம். முன்பக்க கிரில் தட்டையாகி, திரும்பும் விளக்குகள் முன் மட்கார்டின் மூலைக்குப் போயின.

1966-இல் உடல் முழுவதும் புதிது. நீளம் சுமார் 561 செ.மீ. எஞ்சின் 7 லிட்டரிலிருந்து 7.6 லிட்டராக வளர்ந்தது. வளைந்த கண்ணாடி திரும்பி வந்தது. இரண்டு கதவு மாடலும் சேர்ந்தது. விற்பனை 54,000-ஐத் தாண்டியது. 1961-இல் அது 25,000 சொச்சம்தான். 1968-இல் திறந்த கூரைக் கார் கிடையாது. அந்த வருடத்தின் நடுவில் புதிய 460 கன அங்குல எஞ்சின் வந்தது. 1969-உடன் இந்தத் தலைமுறை முடிந்தது.

வடிவத்துக்காக ஒன்றை வாங்கிப் பாதுகாக்கப் போகிறீர்கள் என்றால் 1961-ஐத் தேடுங்கள். குடும்பத்தோடு ஏறி ஓட்டப் போகிறீர்கள் என்றால் 1965. இரண்டுக்கும் நடுவில் நிற்க விருப்பமென்றால் என்னைப் போல 1964. நெடுஞ்சாலையில் நிறைய ஓட்டுபவருக்கு 1966, 1967 பொருந்தும். விளிம்புகளின் கூர்மை கொஞ்சம் மழுங்கியிருக்கும், ஆனால் சொகுசு கூடுதல்.

கூரை திறக்கும் மாடல்தானே அழகு? செடான் எதற்கு?

படங்களில் வருவது அந்த மாடல் என்பதால் எல்லோருக்கும் அதன் மேல்தான் கண். 1961-இல் 2,857 மட்டுமே செய்தார்கள். இன்றைக்கும் அதே வருடத்துச் செடானைவிட அதன் விலை பல மடங்கு போகிறது.

ஆனால் அந்தக் கூரையை மடித்து டிக்கிக்குள் தள்ளுவதற்கு மோட்டார்கள், ஹைட்ராலிக் குழாய்கள், ரிலேக்கள், லிமிட் ஸ்விட்சுகள் என்று ஒரு தனி உலகமே உள்ளே இருக்கிறது. நடுத்தூண் இல்லாததால் பின்கதவைத் திறக்கும்போது அந்தக் கதவின் கண்ணாடி தானாகக் கொஞ்சம் இறங்க வேண்டும். அதற்கும் தனி ஏற்பாடு. ஒரு ஸ்விட்ச் ஒத்துழைக்காவிட்டால் கூரை பாதியில் நின்றுவிடும். அதைச் சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக் எல்லா ஊரிலும் கிடைக்கமாட்டார்.

செடானில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. உடல் உறுதி, மழையில் ஒழுகாது, உள்ளே நிசப்தம். ஏங்கல் குழுவின் வடிவமும் கூரையோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் முழுமையாகத் தெரிகிறது. பக்கச் சுவர்கள் நிமிர்ந்து நிற்க, கண்ணாடிப் பகுதி மட்டும் மேலே போகப் போக உள்நோக்கிச் சாயும். முன்மூலையிலிருந்து பாருங்கள், அந்தச் சாய்வுதான் காரை உட்கார்ந்த மாதிரி, நிதானமாகக் காட்டுகிறது. முதன்முறை வாங்குபவருக்குச் செடானைத்தான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

துரு, துரு, துரு. மற்றதெல்லாம் அப்புறம்.

இந்தக் காருக்குத் தனிச் சேஸி கிடையாது. உடலே சேஸி. அடித்தகடு அரித்துப் போயிருந்தால் எஞ்சினையும் சீட்டையும் தாங்க எதுவும் இருக்காது. பெயிண்ட் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி, காரை லிஃப்டில் ஏற்றிக் கீழே போய்ப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். முன்சக்கரத்துக்குப் பின்னாலும் பின்சக்கரத்துக்கு முன்னாலும் தரைத்தகட்டோடு சேர்ந்து பெட்டி போல வரும் பகுதிகள்தான் உயிர்நாடி. ஒரு சின்ன சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்று கணீரென்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டாலோ, பொடி உதிர்ந்தாலோ, மேலே தாரைப் பூசி மறைத்திருந்தாலோ வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

அடுத்து டிக்கி. கம்பளத்தைத் தூக்கி, ஸ்பேர் டயரை நகர்த்தி, தரையைப் பாருங்கள். பின்கண்ணாடி ரப்பர் வழியாக இறங்கும் தண்ணீர் அங்கேதான் தேங்கும். பின்சக்கர வளைவிலும் கதவின் அடிவிளிம்பிலும் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் உள்ளே இருப்பது இரும்பு அல்ல, ஓட்டையை மூடப் பூசிய பட்டி. கதவுக்கு அடியில் தண்ணீர் வடிவதற்கான சின்னத் துளைகள் இருக்கும். இலையும் மண்ணும் அடைத்துத்தான் கதவுகள் உள்ளிருந்தே உளுத்துப் போகின்றன.

பிறகு கதவுகளைப் பாருங்கள். நான்கையும் திறந்து, ஒவ்வொன்றாக, அடித்துச் சாத்தாமல், மெதுவாகத் தள்ளி மூடுங்கள். முன்கதவும் பின்கதவும் சந்திக்கும் கோடு மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். பிறகு காரின் ஒரு மூலையை ஜாக்கியில் தூக்கச் சொல்லி, அதே கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். இடைவெளி மாறினாலோ கதவு பிடித்துக்கொண்டாலோ உடலின் உறுதி போய்விட்டது என்று அர்த்தம். விற்பவர் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் அதுவே ஒரு பதில்தான்.

காரின் எண்ணையும் படித்துப் பாருங்கள். 1964 செடான் என்றால் அது ‘4 ஒய் 82 என்’ என்று தொடங்கும். 4 என்பது வருடம், ஒய் என்பது விக்ஸம் தொழிற்சாலை, 82 என்பது நான்கு கதவு செடான், என் என்பது எஞ்சின். ஆவணத்திலும் காரிலும் ஒரே எண் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

கடைசியாகக் குரோம். பம்பரை மறுபடி குரோம் பூசலாம், செலவு நிறைய ஆகும். வார்ப்பு உலோகத்தில் செய்த விளக்கு விளிம்புகளிலும் கிரில் பகுதிகளிலும் புள்ளி புள்ளியாக அரிப்பு விழுந்திருந்தால் சரிசெய்வது இன்னும் கடினம். ஓடாத எஞ்சினைவிட, காணாமல் போன அலங்காரத் துண்டுகள்தான் பர்ஸை அதிகம் காலி செய்யும். எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்ய ஆள் கிடைப்பார். 1961-க்கு மட்டுமே உரிய ஒரு கிரில் துண்டைத் தேடி அலைவது வேறு கதை. அதனால் அரைகுறையாகப் பிரித்துப் போட்ட காரைச் சல்லிசாக வாங்குவதைவிட, நிறம் மங்கினாலும் முழுதாக இருக்கும் காரைக் கூடுதல் விலைக்கு வாங்குவதே லாபம்.

எஞ்சின் எப்படி?

1961-இல் 430 கன அங்குல வி8, 300 குதிரைத்திறன். 1963-இல் நான்கு பீப்பாய் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வந்ததும் 320. 1966-இன் 462 எஞ்சினில் 340. அந்தக் காலத்தில் எஞ்சினைத் தனியாக மேடையில் வைத்து அளந்த எண்கள் இவை. இன்றைய கணக்கோடு அப்படியே ஒப்பிடக் கூடாது.

இதன் அமைப்பில் ஒரு விசேஷம் உண்டு. எரிப்பு அறை சிலிண்டர் ஹெட்டில் இல்லை. ஹெட்டின் அடிப்பகுதி தட்டை. பிளாக்கின் மேல்பகுதியை 10 டிகிரி சாய்வாகச் சீவி, அந்த இடைவெளியையே எரிப்பு அறையாக்கியிருக்கிறார்கள். மற்ற ஃபோர்டு வி8-களில் பழகிய மெக்கானிக்குகூட முதல்முறை ஹெட்டைக் கழற்றும்போது கொஞ்சம் நின்று பார்ப்பார்.

சீறிப் பாயும் எஞ்சின் அல்ல இது. பெடலை மிதித்தால் ஒரு கணம் யோசித்து, பிறகு மொத்தக் காரையும் அலுங்காமல் நகர்த்தும். கார் நகராமல் எஞ்சின் மட்டும் ஓடும்போது, அதாவது ஐடிலில், பானெட் மேல் கை வைத்தால்தான் ஓடுகிறதா என்றே தெரியும். சூடாவது மட்டும் கவனிக்க வேண்டிய விஷயம். ரேடியேட்டர் உள்ளே சுத்தமாக இருக்க வேண்டும். கூலன்ட்டைத் தவறாமல் மாற்ற வேண்டும்.

மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?

லிட்டருக்கு 4 முதல் 5 கி.மீ. அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

எந்தப் பெட்ரோல், எந்த ஆயில்?

எஞ்சினின் அழுத்த விகிதம் 10-க்கு 1 என்பதால் பிரீமியம் பெட்ரோல்தான். சாதாரணப் பெட்ரோல் போட்டால் ஏற்றத்தில் ‘கட கட’ என்று தட்டும். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் குழாய்களை அது இளக்கிவிடும். வாங்கிய கையோடு டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ரப்பர் குழாய்களையும் எத்தனாலைத் தாங்கும் புதிய குழாய்களாக மாற்றிவிடுங்கள். பெட்ரோல் கசிந்து சூடான எஞ்சின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆயிலைப் பொறுத்தவரை, இது தட்டையான டேப்பெட் உள்ள எஞ்சின். கேம்ஷாஃப்ட் தேயாமல் இருக்கத் துத்தநாகம் கலந்த ஆயில் வேண்டும். இன்றைய கார்களுக்கான ஆயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். பழைய கார்களுக்கென்றே விற்கும் ஆயிலை வாங்குங்கள்.

வைப்பர் ஓடவில்லை, மோட்டாரைத் தேடினால் காணோம் என்கிறார் மெக்கானிக். என்ன செய்வது?

பவர் ஸ்டீயரிங் ஆயில் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்! இந்தக் கார்களில் வைப்பர் மின்சாரத்தில் ஓடுவதில்லை. ஸ்டீயரிங் பம்பு தரும் ஹைட்ராலிக் அழுத்தத்தில் ஓடுகிறது. வேகத்தைப் படிப்படியாக அல்லாமல் வேண்டிய அளவுக்குக் கூட்டிக் குறைக்கலாம், சத்தமே வராது. நல்ல நிலையில் இருக்கும் வைப்பர் கண்ணாடியில் போய்வருவதைப் பார்ப்பதே ஒரு சுகம். ஆனால் குழாயோ சீலோ கசிந்தால் வைப்பர் நிற்பதோடு ஸ்டீயரிங்குக்கும் ஆயில் போதாமல் போகும். மழைக்காலத்துக்கு முன் குழாய்களைத் தடவிப் பாருங்கள். கையில் பிசுபிசுப்பு இருந்தால் மாற்ற வேண்டிய நேரம்.

கதவுப் பூட்டும் இப்படித்தான். எஞ்சின் உறிஞ்சும் காற்றின் வெற்றிடத்தால் வேலை செய்கிறது. ஸ்விட்சைத் தள்ளினால் ‘ஸ்ஸ்’ என்று மெல்லிய சத்தம் வந்து கதவுகள் பூட்டிக்கொள்ளும். எங்கோ ஒரு மெல்லிய குழாய் விரிசல் விட்டால் பூட்டு வேலை செய்யாது. எஞ்சின் ஐடிலும் தடுமாறும். எஞ்சின் சரியில்லை என்று கார்புரேட்டரைப் பிரிப்பதற்கு முன் இந்தக் குழாய்களைப் பார்த்துவிடுவது நல்லது.

பிரேக் போதுமா? குழந்தைகளை ஏற்றலாமா?

1965-க்கு முந்தைய கார்களில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். ஊருக்குள் போதும். மலைப்பாதையில் இறங்கும்போது சூடேறி, பிடிப்பு குறையும். கியரைக் குறைத்து எஞ்சினையும் துணைக்கு வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். ஆரம்ப வருடக் கார்களில் பிரேக் ஆயில் சுற்று ஒன்றே ஒன்றுதான். ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். ரப்பர் குழாய்கள், வீல் சிலிண்டர்கள், மாஸ்டர் சிலிண்டர் மூன்றையும் புதிதாக்காமல் சாலைக்கு எடுக்கவே கூடாது. இரண்டு சுற்று மாஸ்டர் சிலிண்டர் பொருத்துபவர்கள் இருக்கிறார்கள். அசல் தன்மை கெடுகிறது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நான் பொருத்துபவர்கள் பக்கம்.

குழந்தைகள் விஷயத்தில் எனக்குக் கண்டிப்பு அதிகம். இந்தக் காலத்துக் காரில் இருக்கும் ஏர்பேக் கிடையாது, மடங்கும் ஸ்டீயரிங் தண்டும் தோள் பெல்ட்டும் ஆரம்ப வருடங்களில் கிடையாது. பின்கதவின் உள்கைப்பிடியைக் குழந்தை இழுத்துவிட்டால், ஓடும் காரில் அந்தக் கதவைக் காற்று முழுதாகத் திறந்துவிடும். சிறு குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நான் ஓட்டுவதே இல்லை. நிறுத்திய காரில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்து விளையாடட்டும்.

தினமும் ஓட்டலாமா?

ஓட்ட முடியும், ஆனால் நான் சொல்லமாட்டேன். இந்தக் காரின் அகலம் 2 மீட்டர். இன்றைய கடை வாசல் பார்க்கிங்கில் நிறுத்திவிட்டுக் கதவைத் திறப்பதே ஒரு சாகசம். அதைவிடப் பெரிய எதிரி குளிர்காலத்தில் சாலையில் போடும் உப்பு. மிச்சிகனில் முதல் பனி விழுவதற்கு முன் கார் கொட்டகைக்குள் போய்விட வேண்டும். வசந்தத்தில் நல்ல மழை பெய்து உப்பைக் கழுவிய பிறகுதான் வெளியே வர வேண்டும்.

மிச்சிகனில் 26 வருடமோ அதற்கு மேலோ ஆன காருக்கு வரலாற்று வாகன நம்பர் பிளேட் வாங்கலாம். கிளப் கூட்டம், கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்கு ஓட்டிக்கொள்ளலாம். ஆகஸ்ட் மாதம் மட்டும் சாதாரணமாகவே ஓட்டலாம். எங்கள் வீட்டில் ஆகஸ்ட் என்றாலே கடைக்குப் போவதும் கோவிலுக்குப் போவதும் லிங்கனில்தான். மற்ற மாநிலங்களில் விதிகள் வேறு; விசாரித்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் எடுக்கும்போது, காரின் மதிப்பு இவ்வளவு என்று நீங்களும் நிறுவனமும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் வகை பாலிசியாகப் பாருங்கள். சாதாரண பாலிசியில் அறுபது வருடப் பழைய காருக்குத் தேய்மானம் போட்டே கணக்கை முடித்துவிடுவார்கள்.

அதற்காக மூடியே வைத்திருப்பதும் தப்பு. சீல்கள் காய்ந்துவிடும், கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகும், பிரேக் சிலிண்டர் இறுகும். ஓட்டக்கூடிய மாதங்களில் வாரம் ஒரு தடவையாவது எஞ்சின் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டுங்கள். ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதால் நன்மையைவிடத் தீமைதான் அதிகம். சைலன்சருக்குள் ஈரம் தங்கித் துருப்பிடிக்கும்.

ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்குமா?

எஞ்சின், பிரேக், சஸ்பென்ஷன் பாகங்கள் கிடைக்கின்றன. இந்த மாடலுக்கென்றே பாகங்களைப் புதிதாகச் செய்பவர்களும், பழைய கார்களைப் பிரித்து விற்பவர்களும் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அலங்காரத் துண்டுகளும் உள்அலங்காரமும்தான் கடினம். லிங்கன், கான்டினென்டல் உரிமையாளர் சங்கம் 1953 முதல் இயங்குகிறது. வாங்குவதற்கு முன்பே அதில் உறுப்பினராகிவிடுங்கள். யாரிடம் நல்ல கார் இருக்கிறது, யார் விற்கப்போகிறார், எந்த ஊரில் வெற்றிடப் பூட்டுத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும்.

முழுதாகப் பெயிண்ட் அடித்துப் புதிது போல ஆக்கலாமா?

துரு இல்லாமல், முதல் பெயிண்டோடு, முதல் லெதரோடு ஒரு கார் உங்களுக்குக் கிடைத்தால் தயவுசெய்து தொடாதீர்கள். தேய்ந்த லெதருக்கு எண்ணெய் தடவுங்கள், பெயிண்டைக் கையால் பாலிஷ் போடுங்கள், அவ்வளவு போதும். விக்ஸம் தொழிலாளர்கள் செய்த வேலை அப்படியே மிஞ்சியிருக்கும் கார்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகின்றன. எவ்வளவு நல்ல ஒர்க் ஷாப்பும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஏற்கெனவே பெயிண்ட் மாற்றிய கார் என்றால் உங்கள் விருப்பம். நிறத்தில் மட்டும் அடக்கம் வேண்டும். கறுப்பு, வெள்ளை, ஆழ்ந்த நீலம், வெளிர் பச்சை போன்ற அந்தக் காலத்து நிறங்கள்தான் இந்த உடலுக்குப் பொருந்தும். பெரிய சக்கரம் போட்டு, உடலைத் தரையோடு தாழ்த்தி ஓட்டுபவர்களைப் பார்த்தால் மனசு வலிக்கிறது.

கென்னடி போன கார் இதுதானா?

இதே தலைமுறைதான். 1961 திறந்த கூரை கான்டினென்டலை எடுத்து, ஒஹையோ மாநிலம் சின்சினாட்டியில் இருந்த ஹெஸ் அண்ட் ஐசன்ஹார்ட் நிறுவனத்தில் வெட்டி நீட்டித்தார்கள். 1963 நவம்பர் 22-இல் டல்லஸில் அந்தக் காரில்தான் அவர் சுடப்பட்டார். அதன் பிறகு கவசம் பொருத்தி, கூரையை நிரந்தரமாக்கி, 1977 வரை வெள்ளை மாளிகை அதைப் பயன்படுத்தியது என்பது பலருக்குத் தெரியாது. இப்போது டியர்போர்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

காடிலாக், இம்பீரியல் இதற்கு மாற்றாகாதா?

காடிலாக்கில் பாகங்கள் சுலபமாகக் கிடைக்கும், ஓட்டவும் அருமையாக இருக்கும். ஆனால் வருடா வருடம் முகத்தை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். லிங்கன் தேவையில்லாமல் மாற்றுவதில்லை என்று முடிவெடுத்து, பல வருடம் ஒரே வடிவத்தைச் செதுக்கிச் செதுக்கி மேம்படுத்தியது. கிரைஸ்லரின் இம்பீரியல் பக்கம் போனால் பழக்கப்பட்ட ஒரு கையெழுத்தைப் பார்ப்பீர்கள். ஏங்கல் 1961-இல் கிரைஸ்லருக்குப் போய்விட்டார். 1964 இம்பீரியல் அவர் மேற்பார்வையில் வந்தது. லிங்கனின் தம்பி போலவே இருக்கும், விலையும் குறைவு. லிங்கன் அமையாவிட்டால் அதைத் தைரியமாக வாங்கலாம்.

வாங்கும் வசதி இல்லை. பார்க்க மட்டும் எங்கே போகலாம்?

மிச்சிகன் வந்தால் ஹிக்கரி கார்னர்ஸில் கில்மோர் கார் அருங்காட்சியக வளாகத்துக்குள் 2014-இல் திறந்த லிங்கன் அருங்காட்சியகம் இருக்கிறது. 1917-இல் ஹென்றி லீலண்ட் தொடங்கிய காலத்திலிருந்து வரும் லிங்கன் வரலாற்றை அங்கே காரோடு சேர்த்துப் பார்க்கலாம். ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை என்றால் டெட்ராய்டின் உட்வர்ட் சாலைக்கு வாருங்கள். 1995 முதல், 2020 தவிர, வருடந்தோறும் பழைய கார்கள் அங்கே ஊர்வலமாக வருகின்றன. அனுமதிக் கட்டணம் கிடையாது. ஒரு மடக்கு நாற்காலியும் தண்ணீரும் தொப்பியும் கொண்டுவந்து ஓரமாக உட்கார்ந்தால் போதும்.

நிறுத்தியிருக்கும் கான்டினென்டல் கண்ணில் பட்டால், உரிமையாளரிடம் பின்கதவைத் திறந்து காட்ட முடியுமா என்று கேளுங்கள். நான் அறிந்தவரை யாரும் மறுப்பதில்லை. கையால் குரோமைத் தொடாமல், பேண்ட் பாக்கெட்டில் சாவியோ ஜிப்போ லெதரைக் கீறாமல் பார்த்துக்கொண்டு, பின்சீட்டில் ஒரு நிமிடம் உட்கார்ந்து வாருங்கள்.